வீட்டுக் கிருமி: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவ நான். தண்ணி, அடுக்களை, கக்கூஸ், இந்த மூணும்தான் என் எல்லை. மருந்து மாத்திரை கேட்டா டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்.

பேட்டை: அக்கா, ஐப்பசி மழைக்கு ஆத்துத் தண்ணி கலங்கலா வருது. மாடித் தொட்டி 1000 லிட்டர். ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

முதல்ல கலக்கல் தெளியட்டும். மண்ணு மிதக்குற தண்ணியில குளோரினைப் போட்டா அது அழுக்கோட மல்லுக்கட்டியே தீந்துபோவும், கிருமி தப்பிச்சுக்கிடும். வேட்டித் துணியை நாலா மடிச்சு வடிகட்டுங்க. தேத்தாங்கொட்டை உரசினாலும் தெளியும். ஆனா தெளிஞ்ச தண்ணி எல்லாம் சுத்தமான தண்ணி இல்ல.

புதுப் பவுடர்ல 33 சதவீதம் வரைக்கும் குளோரின் நிக்கும். 1000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம், தலை தட்டின முக்கால் டீஸ்பூன்கிட்ட வரும். நேரா தொட்டியில கொட்டிராதீங்க. பிளாஸ்டிக் கப்புல கொஞ்சம் தண்ணி விட்டுக் கட்டி இல்லாமக் குழைச்சு, பொறவு கப்பு நிறைய ஊத்திக் கலக்கி, பத்து நிமிஷம் அசைக்காம வைங்க. அடியில சுண்ணாம்பு வெள்ளையாப் படியும், மேல தெளிவு நிக்கும். அந்தத் தெளிவை மட்டும் தொட்டியில விட்டு, வண்டலைத் தூரப் போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு முகந்து பாத்தா லேசா குளோரின் வாடை வரணும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும்னுதான் கணக்கு. வாடையே இல்லைன்னா தண்ணியில இருந்த அழுக்கே குளோரினை முழுசாத் தின்னுட்டுதுன்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் போடணும்.

போன வருஷம் வாங்கி கக்கூஸ் ஜன்னல்ல செருகி வெச்ச பொட்டலம்னா அதுல பாதிக்கு மேல சும்மா சுண்ணாம்புதான். கட்டி தட்டி, மூக்குல ஏறாம இருந்தா வீசிருங்க.

எல்லாருக்கும் ஒண்ணு: கக்கூஸ் ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் சேக்காதீங்க. குளோரின் வாயு கிளம்பும். கதவடைச்ச குளியலறையில ஆளையே சாய்ச்சிரும்.

சிந்துபூந்துறை: 2023 டிசம்பர்ல ஆறு வீட்டுக்குள்ள வந்துட்டு. மறுபடி வந்தா எப்படிக் கழுவணும்?

சேறை வழிச்சு எடுங்க, சோப்புத் தண்ணி போட்டு வாரியலால தேயுங்க, அலசுங்க. அதுக்குப் பொறவுதான் ப்ளீச்சிங் தண்ணி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். பத்து நிமிஷம் ஈரமா நிக்க விடணும். நம்ம ஆட்கள் தெளிச்ச கையோட துடைச்சிருதாங்க. மருந்துக்கு வேலை செய்ய நேரம் குடுக்க வேண்டாமா?

மேலப்பாளையம்: கோழிக்கறியைக் கழுவவே கூடாதுன்னு வீடியோ போடுதாங்களே, நிஜமா?

அவங்க சொல்லுதது கம்பெனியில சுத்தம் பண்ணி பாக்கெட்டுல வர்ற கறிக்கு. நம்ம கடையில கண்ணு முன்னால அறுத்து, ரத்தமும் இறகுமா வாங்கிட்டு வாறோம். கழுவுங்க. குழாயைத் திறந்துவிட்டு மட்டும் கழுவாதீங்க. தண்ணி தெறிக்குற இடமெல்லாம் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர்னு வயித்தால போக வைக்குற கிருமிங்க போவும். சட்டியில தண்ணி பிடிச்சு, கறியை மெதுவா முக்கி எடுங்க. பொறவு அங்கணம், கத்தி, கை எல்லாத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

அம்பை: மஞ்சத்தூளும் கல்லுப்பும் போட்டு மூணு தண்ணி அலசாம எங்க வீட்டுல சட்டி ஏத்த மாட்டோம். மஞ்சள் கிருமியைக் கொன்னுரும்லா?

கவிச்சி போவும், கிருமி போவாது. கொல்லுதது அடுப்புதான். கறியோட நடுவுல 74 டிகிரி ஏறணும்.

பாளையங்கோட்டை: அப்ப நம்ம ஆச்சிமாரு எல்லாம் விவரம் இல்லாதவங்களா?

அப்படி எங்க சொன்னேன்? ஆச்சி புறவாசல்ல, கிணத்தடியில உக்காந்து கழுவுனா. தண்ணி வாழைமூட்டுக்குப் போச்சு. நீங்க கழுவுதது அடுக்களைக்குள்ள. ஒரு சாண் தள்ளி ஆய்ஞ்ச கொத்தமல்லி இருக்கு.

அம்பை: எப்படியும் வேகத்தானே போவுது? கழுவுனா என்ன, தெறிச்சா என்ன?

கறி வேகும் தாயி, கொத்தமல்லி வேகாது! அதை ரசத்தை இறக்கி வெச்சுட்டுத்தான் தூவுதீங்க. வெள்ளரிக்கா நறுக்குன கத்திக்கும் அதே கதைதான்.

மேலப்பாளையம்: மஞ்சள் கிருமிநாசினின்னு பாடப் புத்தகத்துலயே இருக்கே.

மஞ்சள்ல இருந்து செறிவா இறக்குன சாறு ஆய்வுக்கூடத் தட்டுல சில பாக்டீரியாவை அடக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணியில கரைச்சு ரெண்டு நிமிஷம் புரட்டுதது வேற. ருசிக்கும் நிறத்துக்கும் போடுங்க, நானும் போடுதேன். கோழிக் கதை போதும். இன்னும் பத்துப் பேரு காத்துக் கிடக்காங்க.

தென்காசி: கொசு?

அது என் எல்லை இல்ல. தேங்கின தண்ணியைக் கொட்டிட்டு நகராட்சிக்குச் சொல்லுங்க.

கல்லிடைக்குறிச்சி: செப்புக் குடத்துல வெச்ச தண்ணி சுத்தமாயிருமா?

ராத்திரி முழுக்க வெச்சா பாக்டீரியா நல்லாவே குறையும், அது மெய்தான். உள்பக்கம் புளி போட்டு வெளக்கி, களிம்பு இல்லாம இருக்கணும். மோரு, எலுமிச்சைத் தண்ணி ஊத்தி வைக்காதீங்க, செம்பு கரைஞ்சு வயித்தைப் பிரட்டும். சாக்கடை கலந்த தண்ணிக்கு இதை நம்பவே கூடாது. கொதிக்க வைங்க.

நாங்குநேரி: ஆசிட் ஊத்தி, மேல கொஞ்சம் ப்ளீச்சிங் தூவினா கக்கூஸ் பளிச்சுன்னு ஆவுதே அக்கா?

மேல என்ன எழுதியிருக்கேன்? வேண்டாம்னா வேண்டாம். இன்னைக்கு ஒண்ணு, நல்லாத் தண்ணி விட்டு அலசிட்டு இன்னொரு நாள் மத்தது.

சேரன்மகாதேவி: சானிட்டைசர்ல ஆல்கஹால் ஏன் 70 சதவீதம்? நூறுன்னா இன்னும் நல்லதுதானே?

இல்ல. கிருமிக்குள்ள இறங்கிப் புரதத்தைக் குலைக்கத் தண்ணியும் வேணும். நூறு சதவீதம் சட்டுன்னு ஆவியாப் போயிரும். கையில அழுக்கு இருந்தா எந்த சானிட்டைசரும் சரிவராது, சோப்புதான்.

களக்காடு: சின்னவனுக்குக் காலையில இருந்து வயித்தால போவுது. வீட்டுல என்ன தெளிக்கணும்?

தெளிக்கிறதை அப்புறம் பாக்கலாம். ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கரைச்சு அடிக்கடி குடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

வள்ளியூர்: பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் நாறுது.

தூரப் போடுங்க. தென்னை நாரை வெயில்ல காயப்போட்டுத் தேயுங்க.

திசையன்விளை: தொட்டிக்கு ப்ளீச்சிங் எவ்வளவு?

பேட்டைக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

ராதாபுரம்: ப்ளீச்சிங் தண்ணியைக் கரைச்சு பாட்டில்ல வெச்சுக்கிடலாமா? டெய்லி கரைக்கச் சடவா இருக்கு.

நாளாக ஆக வீரியம் போயிரும். அன்னன்னைக்கு வேண்டியதைக் கரைங்க. மிஞ்சினதை குடிதண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வெச்சிராதீங்க, பிள்ளைங்க எடுத்துக் குடிச்சிரும். ஆசிட் இருக்குற அலமாரியிலயும் வேண்டாம்.