அச்சுப் பருத்தியும் சலவைத்தூளும்: கேள்வி பதில்

துணிச் சோதனைக் கூடத்தில் சாய உறுதியையும் நூலின் வலிமையையும் சோதிப்பது என் வேலை. அச்சுப் பருத்தியைத் துவைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பூப்போட்ட துணி இரண்டை ஒரே நாளில் வாங்கினேன். ஒன்று இன்னும் புதிதாகவே இருக்கிறது. மற்றொன்றில் பூக்கள் உரிந்துவிட்டன. இரண்டுக்கும் ஒரே தூள்தான், ஐயா.

பதில்: தூளைக் குறை சொல்லுமுன் அச்சைப் பாருங்கள். ரியாக்டிவ் சாயம் பருத்தி நாரின் மூலப்பொருளான செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் சேர்ந்துவிடும். பிக்மெண்ட் அச்சில் நிறத்துகளுக்கு அப்படி நாரோடு பிணைப்புக் கிடையாது; பிசின் படலம் ஒன்றுதான் அதைத் துணிமேல் ஒட்டிவைத்திருக்கிறது. தேய்க்கத் தேய்க்கப் படலம் உரியும், நிறமும் கூடவே போகும். பூ இருக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். அங்கே மட்டும் விறைப்பாக இருந்தால் பெரும்பாலும் பிக்மெண்ட்தான். அதற்குப் பிரஷ் வேண்டவே வேண்டாம். உட்புறத்தை வெளியே திருப்பித் துவையுங்கள்.

கேள்வி: கறுப்பு அச்சு சாம்பல் பூத்துவிட்டது. ஆனால் அலசும் தண்ணீரில் சாயம் இறங்கவே இல்லையே?

பதில்: சாயம் அநேகமாகத் துணியிலேயே இருக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும்: உராய்ந்து உராய்ந்து நூலிலிருந்து நுண்ணிய பிசிறுகள் எழுந்து நிற்கும். அவை ஒளியைச் சிதறடிப்பதால் அடியிலுள்ள கறுப்பு வெளிறித் தெரிகிறது. தையல் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். அதே தண்ணீரும் அதே தூளும் பட்ட இடம் அது. உராய்வும் வெயிலும் மட்டும் குறைவு. அங்கே கருமை அப்படியே இருந்தால் தூளின் வேதிவினை காரணமல்ல.

செல்லுலேஸ் என்ற நொதி கலந்த தூள்கள் இந்தப் பிசிறைக் கத்தரித்து நிறத்தைத் துலங்கச் செய்யும். ஆனால் அந்த நொதி அறுப்பது செல்லுலோஸைத்தானே? அளவு மீறினால் நூலும் மெலியும். மெல்லிய துணியை அந்தத் தூளில் இரவு முழுக்க ஊறவைக்காதீர்கள்.

கேள்வி: தூளின் காரம் பருத்தியை இற்றுப்போகச் செய்யுமா?

பதில்: செய்யாது. காரத்தைத் தாங்குவதில் பருத்தி கெட்டிக்காரி. ஆலைகளில் பருத்தியைப் பதப்படுத்தும் மெர்சரைசிங் செய்வதே அடர்ந்த எரிசோடா என்ற கடுங்காரத்தில்தான். அதில் நூலுக்கு வலிமை கூடுகிறது. நனைந்தாலும் பருத்தி வலுக்கும்.

பகை ஆக்சிஜனேற்றம். குளோரின் வெளுப்பான் நிறத்தை அழிப்பதோடு செல்லுலோஸின் நீண்ட சங்கிலியையும் துண்டாக்கும். ஒருமுறை சோதனைக்கு வந்த சட்டையில் கொக்கியைச் சுற்றி மட்டும் ஊசித்துளைகள். கொக்கியில் துரு ஏறியிருந்தது. வெளுப்பான் கலந்த தூளிலிருந்து வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்பின்மேல் பட்டதும் வேகமாகச் சிதைந்து, அந்த இடத்து நூலை அரித்துவிடும். துருக்கறை உள்ள துணியை முதலில் கறை நீக்கிவிட்டுத்தான் அப்படிப்பட்ட தூளில் போட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கேள்வி: சந்தன நிறத் துணியில் நீலம் பாய்ந்ததுபோல் தெரிகிறது. சோதனையில் தேறிய துணி என்றார்களே?

பதில்: பொய்யாக இருக்காது. சலவையில் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 105-சி06 என்ற சர்வதேசத் தர முறையில் 10 செ.மீ.க்கு 4 செ.மீ. துண்டு ஒன்றை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, எஃகுக் குண்டுகளோடு சுழற்றித் துவைத்து, நிற மாற்றத்துக்கு 5 முதல் 1 வரை மதிப்பெண் இடுகிறோம். 5 என்றால் மாற்றமே இல்லை. ஆனால் அந்தச் சோதனைத் தூளில் ஒளிர்வூட்டி கிடையாது. வீட்டுக்கு வாங்கும் பல தூள்களில் உண்டு. புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழும் அந்தப் பொருள் பருத்தியில் படிந்துவிடுகிறது. வெள்ளைக்கு அது அழகு, வெளிர்நிறத்துக்குக் கேடு. வண்ணத் துணிக்கென்றே விற்கும், ஒளிர்வூட்டியும் வெளுப்பானும் இல்லாத தூளை வாங்குங்கள்.

கேள்வி: உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்குமா?

பதில்: நிற்காது. சாயமேற்றும் தொட்டியில் சாயத்தை நாரை நோக்கித் தள்ளவே உப்பு உதவும். அந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிட்டது. முதல் சில சலவைகளில் இறங்குவது நாரோடு பிணையாமல் தங்கிப்போன சாயம். தனியாக, நிறையத் தண்ணீரில், தெளியும்வரை அலசுங்கள். ஈரத்தோடு சுருட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். பக்கத்து வெள்ளைப் பகுதியில் அந்தச் சாயம் ஊறி ஏறிவிடும்.