அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களை எப்படிக் கழித்தீர்கள்?

2022 ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை தேர்வு. 2023 மார்ச் 24 வெள்ளிக்கிழமை முடிவு. சரியாக எட்டு மாதம். பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு, நாளாகத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெருவுக்குத் தெரிய வேண்டுமே. குடியாத்தத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலே, "இன்னாம்மா, ரிசல்ட்டு வந்துச்சா?" தான்.

முதல் மாதம் கட்-ஆஃப் கணக்கிலேயே கெட்டது. உத்தேச விடை வந்த அன்று சரிபார்த்ததில் 200க்கு 166. மறுநாள் பார்த்தால் 164. கடைசியில் எந்தக் கேள்விக்கு எந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன் என்பதே சந்தேகமாகிவிட்டது. யூடியூபில் ஒருவர் 165 போதும் என்பார், அடுத்தவர் 172க்குக் கீழே என்றால் அடுத்த தேர்வுக்குப் படி என்பார். இருவரிடமும் ஒரு விவரமும் கிடையாது. காலியிடமே அப்போது முடிவாகவில்லை. 7,301 என்று அறிவித்தது பிறகு பத்தாயிரத்தைத் தாண்டியது. எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று தெரியாமல் உலை வைக்கிற கதைதான். அந்த வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் தூக்கம் வந்தது.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் ஆறாயிரம். "ஆர்டர் வர்ற நேரத்துல கடைக்குப் போறியா, பொண்ணு கேட்டு வர்றவங்க இன்னா நினைப்பாங்க" என்று அம்மாவுக்குக் கோபம். வீட்டில் உட்கார்ந்திருந்தால் நான் பைத்தியமாகியிருப்பேன். அங்கே மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் பாதி வேலை. ஆதாரில் ஒரு பெயர், பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று என்று தினமும் நாலு பேராவது வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் என் சான்றிதழ்கள் என்ன கதியில் இருக்கின்றன என்ற பயமே எனக்கு வந்தது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. குரூப் 4க்குத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிலும் வாங்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் அன்றே கிடைத்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த தொடக்கப் பள்ளியில்தான் சிக்கல். தலைமையாசிரியை பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசியைத் தட்டி, மேசையில் விரித்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. என் வரிசையில் விரலை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இனிஷியல் வேற இருக்கேம்மா." என்னைப் பள்ளியில் சேர்க்கப் போனது தாத்தா. பெயர் கேட்டபோது தன் பெயரின் முதலெழுத்தையே போட்டுவிட்டு வந்திருக்கிறார், மகராசன். பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் சரி, அந்த ஒரு எழுத்துதான் தப்பு. அதைச் சரிசெய்து சான்று கைக்கு வர மூன்று நடை, ஐந்து வாரம். முடிவு வந்தபின் இதைத் தொடங்கியிருந்தால் சான்றிதழ் பதிவேற்றக் கொடுத்த நாட்களுக்குள் முடிந்திருக்காது.

எங்கள் நைனா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் ஒரு வேலைவாய்ப்பு அட்டை இருக்கிறது. 1986இல் பத்தாவது முடித்து வேலூருக்குப் போய்ப் பதிந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் பஸ் ஏறிப் போய்ப் புதுப்பித்திருக்கிறார். பதியும்போது வடஆற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்து இது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. நேர்முகக் கடிதம் மட்டும் வரவில்லை. லுங்கி நெய்தே எங்களை வளர்த்தார். அந்த அட்டை இன்னும் ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில்தான் இருக்கிறது.

முடிவு வந்தால் காத்திருப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். வருவது மதிப்பெண்ணும் தரவரிசையும்தான். ஒட்டுமொத்தத் தரவரிசை ஒன்று, இனவாரித் தரவரிசை ஒன்று. அதன் பிறகு சான்றிதழ் பதிவேற்றம், அப்புறம் கலந்தாய்வு. கலந்தாய்வுக்குக் கூப்பிட்டாலும் வேலை உறுதியில்லை. இருக்கும் இடத்தைவிட அதிகம் பேரைத்தான் அழைப்பார்கள். இடையில் வைகாசி முதல் தேதி எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு. வெளியூரில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். தரணம்பேட்டையிலிருந்து அம்மனின் சிரசு, அதாவது தலை, ஊர்வலமாக வரும் வழியில் தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்கு நடுவிலும் ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "எந்த ஆபீஸ்டி?" என்றார்.

கலந்தாய்வு நடந்த நாட்களில் தினமும் மாலை மீதமுள்ள இடங்களை இணையதளத்தில் போடுவார்கள். என் பிரிவில் எண் குறைவதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு மாதத்தைவிட அந்தச் சில நாட்கள்தான் நீளம். சென்னையில் என் முறை வந்தபோது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் எனக்கு இடமில்லை. விழுப்புரம் எடுத்தேன். நியமன ஆணை தபாலில் வர இன்னும் சில வாரம் ஆனது, ஆனால் அது நிம்மதியான காத்திருப்பு.

இப்போது காத்திருப்பவர்கள் முதலில் நீங்கள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டில் உங்கள் இனிஷியலைப் பாருங்கள். ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்.