அம்மாவோடு எழும்பூருக்கு

கேள்வி: எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டு நடராசர் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறாராமே? படி ஏற முடியாத அம்மாவை எப்படி அழைத்துப் போவது?
– வாசகி, திருத்தணி

பதில்: வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்று விடுமுறை. மற்ற நாளில் காலை 9.30-க்குத் திறப்பார்கள். சென்ட்ரலில் இறங்கியதும் மின்சார ரயில் பிடிக்கக் கூட்டத்தோடு பூங்கா நிலையத்துக்குப் போகவேண்டாம். படி ஏறி இறங்கியே முழங்கால் ஓய்ந்துவிடும். மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, எழும்பூர் அடுத்த நிலையமே. அங்கிருந்து அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலைக்கு ஆட்டோ. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள். வளாகம் பெரிது, எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. நேரே செப்புத் திருமேனிக் கூடம். சுற்றிலும் திருவாசி என்னும் சுடர் வளையம் இல்லாமல் ஆடுகிறாரே, அவர்தான் உங்கள் ஊர்க்காரர். தெம்பு மிச்சமிருந்தால், ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்கள்.