பேசாத சிறுவனோடு எப்படிப் பழகுவது?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து 3 நாளாகியும், பேச்சு வராத அந்தச் சிறுவன் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அதை ஏன் வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்? ஆட்டிசம் (பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள பல குழந்தைகள் முகத்தைப் பார்க்காமலேயே கவனிப்பார்கள். சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். அவன் கட்டைகளை அடுக்கினால் நீங்களும் தனியாக அடுக்குங்கள். அவனுடைய வரிசையில் மட்டும் கைவைக்காதீர்கள் (நான் வைத்தேன், அன்று மதியம் முழுவதும் அழுகைதான்). நீங்கள் அவனிடம் ஏதாவது கேட்டால், அதற்கான படம் உள்ள அட்டையைக் காட்டிவிட்டு மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். நாம் 3 வருவதற்குள் மறுபடி கேட்டுவிடுகிறோம்; அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதாகிறது. உணவு ஊட்டுவதை மட்டும் பயிற்சி பெற்றவர் சொல்லித்தராமல் செய்யாதீர்கள், விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குப் புரையேறிவிடும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஆசிரியரிடம் கேட்டீர்களா?