அந்தப் பாசித் தீவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘லைஃப் ஆஃப் பை’ நாவலை வைத்து நண்பர்களுக்குள் ஒரு விவாதம். கப்பல் மூழ்கியபின் ஒரு புலியோடு படகில் மிதந்த கதையை பை என்ற பையன் முதலில் சொல்கிறான்; பிறகு விலங்குகளுக்குப் பதில் மனிதர்கள் வரும் இரண்டாவது கதை ஒன்றையும் சொல்கிறான். புலிதான் பை, ஒராங்குட்டான் குரங்குதான் அம்மா, கழுதைப்புலிதான் சமையல்காரன் என்று எல்லாம் கணக்கில் வந்துவிடுகிறது. அப்படியானால் முதல் கதையில் பை வழியில் இறங்கும் அந்தப் பாசித் தீவு அம்மாவின் உடல்தானே? அவளைத் தின்று பிழைத்ததைச் சொல்ல முடியாமல் தீவாக்கிவிட்டான் என்று நினைக்கிறேன். சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இப்படிப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆங் லீயின் 2012 படத்தில் தீவு தூரத்திலிருந்து மல்லாந்து படுத்த மனித உருவம்போலத் தெரியும். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யான் மார்டெலின் நாவலில் அப்படி எதுவும் கிடையாது.

என் சிக்கல் வேறு. பை எதை மறைத்தான்? தீவுக்குச் சற்று முன்னால், கண் தெரியாமல் கிடக்கும்போது, எதிர்ப்பட்ட இன்னொரு படகுக்காரனைப் புலி கொல்கிறது. அவன் சதையில் சில துண்டுகளைத் தானும் தின்றதாக பையே சொல்கிறான். இரண்டாவது கதையில் சமையல்காரனைக் கொன்று தின்றதையும் சொல்லிவிடுகிறான். அம்மாவின் உடலோ அதற்கு முன்பே கடலில் வீசப்பட்டுவிட்டது. இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்னவனுக்கு ஒளித்துவைக்க ஒரு தீவு எதற்கு?

தீவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தவழ்ந்து இறங்கியவன் மறுபடி நடக்கப் பழகுகிறான். பாசியின் வெளிப்பக்கம் இனிக்கிறது, குளமெல்லாம் நல்ல தண்ணீர், மனிதனைக் கண்டு பயமே இல்லாத மீர்கேட் (கீரி இனத்துச் சிறு விலங்கு) கூட்டம். புலி மட்டும் ராத்திரியானால் படகுக்குத் திரும்பிவிடுகிறது. அப்புறம் ஒருநாள் மரத்தில் அந்தப் பழம். இலைமேல் இலையாக உரித்தால் உள்ளே மனிதப் பற்கள், முழுசாக 32. இரவில் தரையில் கால் வைத்தால் பொசுக்குகிறது; தங்கியவனைத் தீவே தின்றுவிடும்.

அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரனும் கரை கிடைத்தது என்றுதான் இறங்கியிருப்பான். வயிறு நிறைந்திருக்கும், தேடலை விட்டிருப்பான். அதனால் தீவை நான் குற்றத்தின் உருவகமாகப் பார்க்கவில்லை, சொகுசின் உருவகமாகவே பார்க்கிறேன். பை அங்கேயே தங்கியிருந்தால் பட்டினியால் செத்திருக்கமாட்டான். அதுதான் அந்த இடத்தின் பயங்கரம்.

உங்கள் கணக்கு விளையாட்டை நாவலுக்குள்ளேயே கப்பல் மூழ்கியதை விசாரித்து பையிடம் கதை கேட்க வரும் இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் ஆடிப் பார்க்கிறார்கள். வரிக்குதிரை யார், கழுதைப்புலி யார் என்று வரிசையாகப் பொருத்திக்கொண்டே வந்து, தீவு எது, மீர்கேட் யார், பல் யாருடையது என்று சின்னவர் கேட்கும்போது பெரியவர் தெரியாது என்கிறார். மார்டெல் தெரிந்தேதான் அங்கே விடையை வைக்காமல் விட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். 90ஆம் அத்தியாயத்திலிருந்து 92 வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, அப்போதும் அம்மாதான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.