நீண்ட கோடைப் பயணம் முடிந்து வீடு திரும்பிய வேனில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்த வேனில் வாரக்கணக்கில் சுற்றிவிட்டு வந்திருக்கிறீர்கள், இனி சில மாதம் அது நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நிற்கும் வண்டியைக் கெடுப்பவை பெரும்பாலும் உள்ளே தங்கிய ஈரமும் இறங்கிப்போன பேட்டரியும்தான். ஆகவே இவை இரண்டும் வந்த அன்றோ மறுநாளோ முடிய வேண்டும். வெளியே கழுவித் துடைப்பது பிறகு ஆகட்டும்.

கழிவுநீர்த் தொட்டியை, அதற்கென்று உள்ள இடத்தில் காலி செய்யுங்கள். பாத்திரம் கழுவிய நீரின் எண்ணெய்ப்பசை தொட்டிச் சுவரில் காய்ந்து ஒட்டிவிட்டால் நாற்றம் லேசில் போகாது. பயணத்தின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு முன்பே சில லிட்டர் வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் அதில் ஊற்றிவிட்டால், வண்டியின் குலுக்கலே பாதி வேலையை முடித்துவிடும். வாட்டர் ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை விடுவித்த பிறகே வடிகுழாயைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீய்ச்சியடிக்கும்.

குடிநீர்த் தொட்டிக்கு 5 முதல் 6 சதவீத, வாசனை சேர்க்காத பிளீச் போதும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மி.லி., அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 100 மி.லி. முதலில் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசனை வரும்வரை பம்பை ஓடவிட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்து, பிறகு வாசனை போகுமளவுக்கு நல்ல நீரால் அலசி, முழுவதையும் வடித்துவிடுங்கள். உப்புப் படிவத்தை எடுக்க வினிகரோ சிட்ரிக் அமிலமோ ஊற்றுவதானால் அது வேறொரு நாளைய வேலை. பிளீச்சோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய வேனுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

பேட்டரிக்கு வருவோம். லெட் ஆசிட் என்றால் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.7 வோல்ட் ஒட்டி இருக்க வேண்டும். பாதிச் சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு நேர்மாறாக, 50 முதல் 60 சதவீதத்தில் வைப்பதே நல்லது. எந்த வகையானாலும் இணைப்பைத் துண்டியுங்கள். வாயுக் கசிவு அலாரம், ரேடியோ, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து வெறும் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரி ஆறு வாரத்தில் பாதியாகிவிடும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் சில கருவிகள் நேரடியாகப் பேட்டரியில் இணைந்திருக்கும் என்பதால் டிசி மின்னோட்டத்தை மில்லி ஆம்பியர் அளவிலும் காட்டும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த பலகையில் தங்கி, பூஞ்சை முதலில் பிடிப்பது மெத்தையின் அடிப்பக்கத்தில்தான். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தே வையுங்கள். கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள்.

டயரில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், பயணத்தில் நடந்ததை அது சொல்லும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இப்போதே, எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்குகளோடு கிடப்பது நல்லதல்ல.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள்; போட்டே வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும் பழக்கம் வேண்டாம். அதில் பேட்டரியும் ஏறாது, சைலன்சரில் தண்ணீர்தான் தேங்கும். முடிந்தால் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.