கார் ஃபோட்டோவுக்கு எந்த லென்ஸ்? மொதல்ல எவ்ளோ தூரத்துல நிக்கிறீங்க?

உங்க கேள்விய ஒரு தடவ சுருக்கமா சொல்லிக்கிறேன், அப்பதான் படிக்கிற மத்தவங்களுக்கும் புரியும். கிராப் சென்சார் கேமரா, அதாவது சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்குற கேமரா வச்சிருக்கீங்க, கூட வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ்தான் இருக்கு (எம்எம் நம்பர் சின்னதா இருந்தா அகலமா தெரியும், அதான் வைடு, பெருசா இருந்தா தூரத்துல இருக்குறத கிட்ட இழுக்கும்), கார் எடுத்தா மூக்கு மட்டும் வீங்கி பொம்மக் கார் மாதிரி தெரியுது, அதனால வைடு வாங்கவா, 50 எம்எம் வாங்கவா, 70-300 வாங்கவான்னு கேக்குறீங்க. நான் ஆறேழு வருஷமா லீவு கெடச்சா இதத்தான் பண்ணிட்டு இருக்கேன், தொழிலா இல்ல, கார் புடிக்கும் கேமரா புடிக்கும் அதனால. இந்த வீங்குற பிரச்சனை எனக்கும் ஒரு வருஷம் இருந்துச்சு, லென்ஸ் சரியில்லன்னே நெனச்சிட்டு இருந்தேன்.

லென்ஸ் மேல தப்பே இல்லங்க. நீங்க ரொம்ப கிட்ட நிக்கிறீங்க. கணக்கு போட்டு பாருங்க, கார் நீளம் 4 மீட்டர்னு வைங்க, 18 எம்எம்ல கார் ஃப்ரேம் நெறையணும்னா தானாவே 4, 5 மீட்டர் கிட்ட போயிருவீங்க. முன் மூலை நம்ம பக்கம் வர்ற மாதிரி சாய்வா எடுக்குறீங்கன்னா அந்த முன் மூலை உங்கள்லேருந்து 3 மீட்டர், பின் மூலை 7 மீட்டர். அப்ப முன்னாடி ஹெட்லைட்டு பின்னாடி லைட்ட விட ரெண்டு மடங்குக்கு மேல பெருசா விழும். வீங்காம என்ன பண்ணும்? இதே கார 50 எம்எம்ல அதே அளவுக்கு ஃப்ரேம் நெறைய எடுக்கணும்னா 12 மீட்டர் பின்னாடி போகணும். இப்ப முன் மூலை 10 மீட்டர், பின் மூலை 14 மீட்டர், வித்தியாசம் 1.4 மடங்குதான். டிசைன் பண்ணவங்க ஜன்னலுக்கு கீழ நீளமா வரைஞ்ச தோள் கோடு, ரூஃப் எறங்குற வளைவு, எல்லாம் அப்பதான் அதது அளவுல தெரியும். கார் திடீர்னு நீளமா, கனமா, தரையோட ஒட்டி நிக்கும். மொத தடவ அத பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுது, நெசமாத்தான் சொல்றேன்.

அதனால மொதல்ல எதுவும் வாங்காதீங்க. உங்க 18-55-ஐ 55-ல திருப்பி வச்சுட்டு, அதுல 18-ங்குற நம்பரையே மறந்துட்டு, ஒரு மாசம் பின்னாடி நடந்து நடந்து எடுங்க. எஃப் 5.6 தான் கெடைக்கும் (எஃப்னா அப்பர்ச்சர், லென்ஸ் தொறக்குற அளவு, நம்பர் சின்னதானா வெளிச்சம் அதிகம், ஷார்ப்பா விழுற ஆழம் கம்மி), பரவால்ல, காருக்கு அதான் வேணும். ஃபோன்ல எடுக்குறவங்களுக்கும் இதேதான், மெயின் கேமரா வைடு, 2எக்ஸ் இல்ல 3எக்ஸ் லென்ஸ் இருந்தா அத போட்டு தள்ளி நில்லுங்க.

அதுக்கப்புறமும் வாங்கணும்னு தோணுச்சுன்னா என் வரிசை இது. கிராப் சென்சாருக்கு மொதல்ல 50 எம்எம் எஃப் 1.8, பெரிய சென்சார் இருக்குற ஃபுல் ஃப்ரேம் கேமரா வச்சிருக்கவங்களுக்கு 85. கேனான், நிக்கான், சோனி எல்லாத்துலயும் சின்னதா லேசா ஒண்ணு இருக்கு. ஆனா ஒண்ணு, இத பின்னணி மங்கலாகும்னு நெனச்சு வாங்குறவங்க ஏமாந்து போவாங்க. 12 மீட்டர் தள்ளி நின்னா எஃப் 1.8-லயே முன்னாடி பின்னாடி சேத்து 4 மீட்டர் ஷார்ப்பா விழும், எஃப் 4 வச்சா எட்டரை மீட்டர்லேருந்து 19 மீட்டர் வரைக்கும் ஷார்ப். காருக்கு பின்னாடி ஒட்டி செவுரு இருந்தா அந்த செவுரும் ஷார்ப்பாத்தான் இருக்கும். மங்கலாக்கணும்னா கார செவுத்துலேருந்து 30, 40 மீட்டர் முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்க, லென்ஸ மாத்துறத விட இது நல்லா வேல செய்யும். 1.8 எதுக்கு உதவும்னா கிட்ட போய் ஹெட்லைட்டு, பேட்ஜ், தையல் போட்ட ஸ்டியரிங் மாதிரி துண்டு துண்டா எடுக்குறதுக்கும், இருட்டுனதுக்கு அப்புறம் எடுக்குறதுக்கும்.

ரெண்டாவது 55-250 இல்ல 70-300. ஓடுற கார், ரேஸ் டிராக், கூட்டம் இருக்குற கார் ஷோ இதுக்கெல்லாம் இதான். அப்புறம் 200 எம்எம்ல தூரத்துலேருந்து எடுத்தா பின்னாடி இருக்குற மலையோ கட்டடமோ காருக்கு பக்கத்துல வந்து ஒக்காந்த மாதிரி இருக்கும், அந்த ஒரு காட்சிக்காகவே வச்சுக்கலாம். வைடு கடைசி. காருக்குள்ள டேஷ்போர்டு எடுக்க பின் சீட்டு நடுவுலேருந்து 18 போதும், அதுக்கு மேல வைடு ஒரு ருசிக்குத்தான், அவசியம் இல்ல.

இப்ப லென்ஸ விட பெரிய விஷயத்துக்கு வரேன். கார் ஒரு கண்ணாடி. பெயிண்ட்ட எடுக்குறோம்னு நெனக்கிறோம், ஆனா பெயிண்ட்டுல என்ன தெரியுதோ அதத்தான் எடுக்குறோம். சித்தப்பா பையன் ஒரு கருப்பு செடான் வாங்குன புதுசுல கழுவி தொடச்சு கொண்டு வந்தான், நான் ஒரு மணி நேரம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெருசு பண்ணி பாத்தா முன் கதவுல கைப்பிடிக்கு கீழ வெள்ளையா ஒரு உருவம், காலு ரெண்டும் அகட்டி, முகத்துல கேமரா. நான்தான், வெள்ளச் சட்டையோட. பின் கதவுல எனக்கு பின்னாடி நின்ன ஒரு சைக்கிள், அதுக்கு மேல கம்பம், கம்பத்துலேருந்து போற வயர் டேங்க் மூடி வரைக்கும் வளஞ்சு போகுது. எடுக்கும்போது இதுல ஒண்ணு கூட என் கண்ணுல படல, ஏன்னா நான் காரோட வடிவத்த பாத்துட்டு இருந்தேன், கதவுக்குள்ள பாக்கல. அன்னைலேருந்து கருப்பு சட்டை போட்டுட்டுதான் போறேன், கேமராவ எடுக்குறதுக்கு முன்னாடி கார ஒரு சுத்து சுத்தி வந்து ஒவ்வொரு கதவுலயும் என்ன தெரியுதுன்னு வெறும் கண்ணால பாக்குறேன்.

இதுலேருந்து ஒரு விஷயம் வெளங்கும். நல்ல எடம்னா காருக்கு பின்னாடி நல்லா இருந்தா மட்டும் பத்தாது, உங்களுக்கு பின்னாடி என்ன இருக்குங்குறது அத விட முக்கியம். உங்க முதுகுக்கு பின்னாடி வெட்டவெளி இருந்தா கதவு மேல வானமும் தரையும் சேர்ற ஒரே ஒரு கோடு நீளமா ஓடும், அந்தக் கோடு பாடியோட வளைவெல்லாம் காட்டிக் கொடுத்துரும். மரமும் கடையும் இருந்தா அதெல்லாம் கிழிஞ்ச துணி மாதிரி கதவு பூரா தெரியும். சூரியன் மறைஞ்சு 10, 20 நிமிஷம் இருக்கே, அந்த நேரம் மேக்கு வானம் மொத்தமும் ஒரே பெரிய மென்மையான லைட்டா மாறிரும், அதுக்கு எதிர்ல கார நிறுத்தி வானத்துக்கு முதுக காட்டி நின்னு எடுத்தீங்கன்னா பெயிண்ட்டு மேல ஒரு புள்ளி கூட வெள்ளையா வெடிக்காது. மத்தியான வெயில்ல எடுத்து எடிட்டிங்ல சரி பண்றேன்னு ஒக்காராதீங்க, வேணாம்.

போலரைசர் ஃபில்டர், சிபிஎல்னு சொல்வாங்க, இத நான் லென்ஸுக்கு முன்னாடியே வாங்கச் சொல்வேன். முன்ன இருக்குற வளையத்த திருப்பத் திருப்ப விண்ட்ஷீல்டுல இருந்த வானம் கரைஞ்சு உள்ள சீட்டு தெரிய ஆரம்பிக்கும். நேருக்கு நேர் நின்னா பெருசா ஒண்ணும் நடக்காது, சாய்வா பாக்கணும், கண்ணாடியோட பரப்புலேருந்து ஏறத்தாழ 35 டிகிரில பாக்கும்போது முழு பலம் இருக்கும். அதனாலயே பானெட்டுக்கு ஒரு கோணம், கதவுக்கு ஒரு கோணம்னு மாறும், எல்லாத்தையும் ஒரே திருப்புல சரி பண்ண முடியாது. ட்ரைபாட்ல வச்சு ரெண்டு மூணு விதமா திருப்பி எடுத்துட்டு அப்புறம் லேயர் போட்டு நல்ல பாகத்த மட்டும் எடுத்து சேத்துக்கலாம். குரோம் மேல இது வேல செய்யாது, வெறும் உலோகத்துல பட்டு வர்ற வெளிச்சம் வேற மாதிரி. பக்கவாட்டு டெம்பர்டு கண்ணாடில சில சமயம் புள்ளி புள்ளியா வானவில் கலர்ல தெரியும், ஃபில்டர் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, அந்தக் கண்ணாடிய செய்யும்போது உள்ள விழுந்த அழுத்தம்தான் அப்படி தெரியுது. ஒண்ணுலேருந்து ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் கொறையும் (ஒரு ஸ்டாப்னா பாதியாயிரும்), அத மட்டும் ஞாபகம் வைங்க. அப்புறம் எல்லா ரிஃப்ளெக்‌ஷனையும் அழிச்சுராதீங்க, கார் ரப்பர்ல செஞ்ச மாதிரி ஆயிரும்.

நிறுத்தி வச்ச காருக்கு இன்னும் சில விஷயம். கேமரா உங்க கண்ணு உயரத்துல வேணாம், ஹெட்லைட்டு உயரத்துக்கு எறங்குங்க, முட்டி போட்டா சரியா வரும். முன் வீல திருப்பும்போது ரிம் நம்மள பாக்கணும், டயரோட ரோட்டுல படுற பட்டன் பக்கம் நம்மள பாக்கக் கூடாது, இத ஒண்ண மாத்துனாலே பாதிப் படம் நல்லாயிரும். ரூஃப் மேல கம்பமோ மரமோ மொளச்ச மாதிரி நிக்குதான்னு பாருங்க. டேஷ்போர்டு மேல கெடக்குற பேப்பர், டிஷ்யூ டப்பா எல்லாத்தையும் எறக்கிடுங்க, ஒரு மைக்ரோஃபைபர் துணிய பையிலயே வைங்க. வெள்ளக் கார் எடுத்தா கேமரா தானா இருட்டாக்கி சாம்பலா காட்டும், எக்ஸ்போஷர பிளஸ்ல கொஞ்சம் ஏத்துங்க, கருப்புக் காருக்கு மைனஸ்ல எறக்குங்க.

ஓடுற காருக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்சது இதான். நெறைய பேரு ஷட்டர 1/1000-ல, அதாவது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் தொறக்குற மாதிரி வச்சு எடுத்துட்டு ஷார்ப்பா இருக்குன்னு சந்தோஷப்படுறாங்க, ஆனா பாத்தா கார் ரோட்டுல நிறுத்தி வச்ச மாதிரி இருக்கும். 40 கி.மீ. வேகத்துல போற கார் ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் போகுது, டயரோட சுத்தளவு ஏறத்தாழ 2 மீட்டர், அப்ப வீல் செகண்டுக்கு அஞ்சரை சுத்து. 1/1000-ல அது திரும்புறது 2 டிகிரி, நின்ன மாதிரிதான். 1/60-ல 33 டிகிரி. அஞ்சு ஸ்போக் அலாய்னா ஒரு ஸ்போக்குக்கும் அடுத்ததுக்கும் 72 டிகிரி, அதுல பாதி தூரம் ஸ்போக் இழுபட்டு வீல் சுத்துறது கண்ணுக்கு தெரியும். 1/30-ல இன்னும் அழகு, ஆனா கார ஷார்ப்பா புடிக்கிறது கஷ்டம். 1/125-ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா எறங்குங்க.

கார் ஓட ஓட கேமராவையும் கூடவே திருப்பி எடுக்குறதத்தான் பானிங்னு சொல்வாங்க. அத பண்ணும்போது கால எங்க க்ளிக் பண்ணப் போறீங்களோ அந்தப் பக்கம் பாத்து ஊனிக்கிட்டு, இடுப்ப மட்டும் திருப்பி கார் வர்ற பக்கம் போய் புடிச்சு, தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோடுல, படபடன்னு வரிசையா எடுக்குற பர்ஸ்ட் வச்சு, க்ளிக் முடிஞ்ச பிறகும் நிறுத்தாம கூடவே போங்க, பாதில நிறுத்துனா அந்த ஷாட்டு போச்சு. லென்ஸ்ல கை நடுக்கத்த சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷனுக்கு பானிங் மோடு தனியா இருந்தா அத போடுங்க. நான் கத்துக்கிட்டப்ப மூடி வச்சிருந்த ஒரு பெரிய கிரவுண்டுல அதே சித்தப்பா பையன ஓட்ட வச்சேன், ஒரு சாயந்தரம் பூரா போய்ட்டு போய்ட்டு வந்தான், "அண்ணே இன்னும் எத்தன ரவுண்டுண்ணே"ன்னு கேட்டான், "இன்னும் ஒண்ணுடா"ன்னு சொல்லி சொல்லி 200 ஃபோட்டோவுக்கு மேல எடுத்தேன், தேறுனது 6. அது கம்மின்னு நெனக்காதீங்க, 1/40-ல அதுதான் கெடைக்கும். கிட்ட நின்னு எடுத்தா காரோட நடு மட்டும் ஷார்ப்பா, மூக்கும் வாலும் இழுபட்டு வரும், ஏன்னா ஒவ்வொரு பாகமும் உங்க பார்வையில வேற வேற வேகத்துல திரும்புது. 20 மீட்டர் தள்ளி நின்னு 70-300 மாதிரி டெலி லென்ஸ்ல எடுத்தா அந்த வித்தியாசம் கொறையும். இங்கயும் பின்னாடி போறதுதான் வழி.

பகல்ல 1/60 வச்சா அப்பர்ச்சர் எஃப் 16, எஃப் 22-ன்னு ஓடிரும், படம் மழுங்கும், சென்சார் தூசி புள்ளியா தெரியும். சிபிஎல் போட்டா கொஞ்சம் கொறையும், இல்லன்னா சாயந்தரம் எடுங்க. எலக்ட்ரானிக் ஷட்டர் பெரும்பாலான கேமரால படத்த வரிவரியா படிக்கும், அதுக்குள்ள கார் நகர்ந்துரும், வீல் முட்டை மாதிரி சாஞ்சு விழும், அதனால மெக்கானிக்கல்ல வைங்க. இது புதுப் பிரச்சனை இல்ல. பிரான்ஸ்ல ஜாக் ஆன்ரி லார்டீக்னு ஒருத்தர், 1894-ல பொறந்தவர், 1910-கள்ல இளைஞரா இருந்தப்ப ஒரு ரேஸ் கார கேமராவ திருப்பிக்கிட்டே எடுத்தார். அந்தக் கேமரால ஷட்டர் திரைல இருக்குற ஒரு ஒடுக்கமான இடைவெளி மெதுவா நகரும், அதனால வீல் முன்பக்கம் சாஞ்சும், ஓரத்துல நிக்கிற ஆளுங்க எதிர்ப்பக்கம் சாஞ்சும் விழுந்துட்டாங்க. தேடிப் பாருங்க, வேகம்னா அதான். ஆனா நம்ம கேமரால வர்றது அந்த அழகுல வராது.

பகல்ல எரியுற எல்இடி லைட்டு ஒரு ஃபோட்டோல எரியுது, அடுத்ததுல அணைஞ்சிருக்குன்னா பல்பு ரிப்பேர் இல்ல, அது கண்ணுக்கு தெரியாம வேகமா துடிச்சுட்டே இருக்கும், ஷட்டர மெதுவாக்குனா சரியாயிரும். ஒரு காரிலேருந்து இன்னொரு கார எடுக்குறது அழகா இருக்கும், ஆனா போக்குவரத்து இருக்குற ரோட்டுல தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ஜன்னல்ல தொங்காதீங்க, ஓட்டுறவரு ஓட்ட மட்டும் செய்யணும்.

இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. அந்த வீங்குன ஃபோட்டோ எடுத்த அதே எடத்துல அதே கார அதே மாதிரி நிறுத்தி, 18-ல ஒண்ணு, 55-ல அதே அளவு ஃப்ரேம் வர்ற வரைக்கும் பின்னாடி போய் ஒண்ணு, ரெண்டும் ஹெட்லைட்டு உயரத்துல எடுத்து இங்க கமெண்ட்டுல போடுங்க. கதவுல என்ன தெரியுதுன்னு பாத்துட்டு மத்தத சொல்றேன்.